லூயியின் குழியில் உன்னை வைத்தோம்

என் செல்ல ஜோசப் அண்ணா,

இன்று காலை கல் செதுக்குகிறவர் வந்திருந்தார். உன் கல்லறைக் கல்லில் என்ன எழுதுவது என்று கேட்டார். காப்பி போட்டுக் கொடுத்தேன். காப்பியைக் குடித்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். உன்னிடம் கேட்காமல் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

தாம்பரத்தில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. நீ ஏறுகிற மின்சார ரயில் உன்னை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போகிறது. கோயில் பேண்டில் உன் டூபாவை ஊத ஆளில்லை. அந்தப் பித்தளைப் பூதத்தை யார் சுமப்பது என்று எல்லோரும் நழுவுகிறார்கள். அது கூடத்து மூலையில் கிடக்கிறது. பெருக்கும்போது காலில் இடித்தால் திட்டுகிறேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுகிறேன்.

அதை உனக்கு முன்னால் ஊதியவர் யார் என்று நீ கேட்காமலாவது இருந்திருக்கலாம். புதுச்சேரியிலிருந்து பல்லாவரத்துக்கு வந்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதிப் பிழைத்த பிரெஞ்சுக்காரர், பெயர் லூயி. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உனக்கு அது போதவில்லை. விடுமுறை வந்தால் புதுச்சேரி பஸ் ஏறிவிடுவாய். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போன ஊரில் லூயி என்றால், எந்த வீட்டு லூயி என்று கேட்டார்கள். "இவ்ளோ பெரிய வாத்தியத்தை ஊதின மனுஷன், ஒரு சத்தமும் இல்லாம எப்படிப் போக முடியும் ஸ்டெல்லா?" என்பாய். அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமாவது போட வேண்டும் என்று உனக்குப் பைத்தியம். கல்யாணப் பேச்சை எடுத்தால், முதலில் லூயி என்றாய்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டு விற்ற தாவீது ஐயா, ஒரு காலத்தில் லூயியோடு டிரம் அடித்தவர். அவர்தான் நம்மைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், பெயரில்லாத ஒரு மேட்டைக் காட்டினார்.

"தொர இங்கதான் கீறாரு. நான் டிரம் அடிச்சிகினே வந்தேன். ஊதத்தான் ஆளில்ல. ஊதுறவரே பூட்டாரே."

அன்று நீ குழந்தை மாதிரி அழுதாய். ஒரு கல் வைத்துவிடலாமே என்றேன். "முழுப் பேர் தெரியாம வைக்கக் கூடாது. அரைப் பேர் போட்டா அந்த மனுஷனை அவமானப்படுத்துற மாதிரி" என்று அடம்பிடித்தாய். அதனால், ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்த மேட்டைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். நம் வீட்டுப் பெரியவருக்குச் செய்வதுபோலவே செய்தோம்.

அதுவே வினையாகிவிட்டது அண்ணா.

நீ ரயிலடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த மறுநாள், உன் பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தேன். குழி வெட்டியிருந்த இடத்தைப் பார்த்தேன். லூயியின் மேடு இருந்த அதே இடம். குழிவெட்டும் அந்தோணியைப் பிடித்து உலுக்கினேன்.

"இன்னாம்மா இப்படி கேக்குற? வருசா வருசம் நீங்கதானே சுண்ணாம்பு அடிக்கிறீங்க. உங்க வூட்டுக் குழின்னு தொறந்துட்டேன்."

"உள்ள இருந்தவரு?"

"எலும்பு கொஞ்சம் இருந்துச்சு. பொதுக் குழில போட்டுட்டேன். எல்லாருக்கும் அப்படித்தானம்மா."

அவன்மேல் என்ன தப்பு? ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி, அடுத்த சாவுக்கு அதையே திறப்பதுதானே இங்கே வழக்கம். சாமியார் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். உன்னை எங்கே திருப்பித் தூக்கிக்கொண்டு போவேன்?

பிறகு பொதுக் குழியைப் போய்ப் பார்த்தேன். எது யாருடைய எலும்பு என்று யாரால் சொல்ல முடியும்? இத்தனை வருஷம் அலைந்து நீ கண்டுபிடித்தது அந்த ஆறடி மண் ஒன்றைத்தான். அதிலும் நீயே போய்ப் படுத்துக்கொண்டாய். நினைத்தால் சிரிப்பு வருகிறது. அங்கே அவரைப் பார்த்தாயா? முழுப் பெயரைக் கேட்டாயா? இல்லை, அங்கேயும் யாரும் இல்லையா? எனக்கு இப்போது ஜெபம் வாயில் வருவதில்லை.

தாவீது ஐயாவும் போய்விட்டார். நானும் போய்விட்டால் இப்படி ஒருவர் இருந்தார் என்று சொல்ல நாதியில்லை. அதனால் நாளைக்குக் கல் செதுக்குகிறவரிடம் சொல்லிவிடப் போகிறேன். மேலே உன் பெயர். அதற்குக் கீழே, 'லூயி, டூபா வாசித்தவர்.' அரைப் பெயர்தான். அவர் அந்தக் குழியிலும் இல்லை. இருந்தாலும் என் உயிர் உள்ளவரை அந்த இரண்டு பெயருக்கும் மெழுகுவத்தி ஏற்றுவேன், இது சத்தியம். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்து என்னோடு சண்டை போடு அண்ணா.

சண்டைக்குக் காத்திருக்கும் உன் தங்கை,
ஸ்டெல்லா