தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்

மண்டபம் முகாம்
12.8.2025

ஈஸ்வரிக்கு,

நேற்றிலிருந்து பதினோரு முறை அழைத்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. அதனால் காலி கேக் டப்பாவுக்குள் இதை வைத்து பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

சுஹாவின் உம்மா முகாம் வாசலுக்கே வந்துவிட்டார். நாம் கொடுத்த பிறந்தநாள் கேக்கைத் தின்ற சுஹாவுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இப்போது சரியாகிவிட்டதாம்.

"பாலு ஆகாத புள்ளன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல. வெண்ணெயப் போட்டுட்டு தேங்காண்ணெய்னா சொல்லுற? அகதிக்கு ஓவன் ஒரு கேடா?"

தண்ணீருக்கு நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

என் வீட்டில் வெண்ணெயே கிடையாது. ஆர்டர் எடுத்தது நீ. நீ வந்து சொல்.

டிலக்ஷனா


உச்சிப்புளி
14.8.2025

அன்புள்ள டிலக்ஷனா,

மாமியார் பக்கத்திலேயே இருக்கிறார். போனில் பேச முடியவில்லை. அதற்காகக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் மேல் இப்படியா பாய்வாய்?

உன் எண்ணெய் பழசாக இருந்திருக்கும். முதலிலேயே சொன்னேன், இங்கெல்லாம் அது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். டப்பாவைத் திறந்ததுமே மாமியார், "என்னடி இது, கேக்கு தலை சீவிட்டு வந்திருக்கு?" என்று சிரித்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இனி வெண்ணெயே போடு. பால் ஆகாதவர்களின் ஆர்டர் நமக்கு வேண்டாம். ஓவன் நான் வாங்கித் தந்தது. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

சாப்பிடாமல் இருக்காதே.

உன் ஈஸ்வரி


மண்டபம் முகாம்
16.8.2025

ஈஸ்வரிக்கு,

உங்கள் தலை எண்ணெயில்தான் நாங்கள் மீன் பொரிக்கிறோம். இதுவரை யாருக்கும் தடிக்கவில்லை.

வெண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, எண்ணெயில் இல்லை. அது விளங்குவதற்குள் நான்கு கேக் வீண். தொட்டால் விரலெல்லாம் எண்ணெய். இப்போது நூறு கிராம் வெண்ணெய்க்குப் பதில் எண்பது கிராம் எண்ணெய், மீதிக்குத் தேங்காய்ப்பால். ஐந்தாவதில் ஃப்ரிட்ஜில் வைத்த முட்டையை அப்படியே உடைத்துவிட்டேன். எண்ணெய் உறைந்து மாவெல்லாம் கட்டி. ஒன்பதாவதுதான் கேக். ஒன்பதும் அந்த ஒரு பிள்ளைக்காக.

நேற்று சுஹாவின் உம்மா மீதிக் கேக்கைக் கொடுத்தனுப்பியிருந்தார், முகத்தில் எறிவதுபோல. முகர்ந்து பார்த்தேன். மேலே நெய் வாசனை.

நான் நெய் தடவவில்லை. என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த டப்பா திறந்தது உன் வீட்டில் மட்டும்தான்.

பதில் எழுது.

டிலக்ஷனா


உச்சிப்புளி
19.8.2025

டிலக்ஷனா,

தடவினேன்.

மாமியார் சிரித்ததும் எனக்குத் தாங்கவில்லை. வாசனை போகட்டும் என்று ஒரு ஸ்பூன் நெய்யை உருக்கி மேலே தடவினேன். நெய்யில் பால் ஏது? உருக்கிக் காய்ச்சி வடித்ததுதானே என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை மேல் சத்தியமாக வேறு எதுவும் நினைக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. இது நமக்குள் இருக்கட்டும். நான் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். என் கடைக்கு சுஹா வீட்டுத் தெருவிலிருந்துதான் ஆள் வருகிறது. உனக்கென்ன, முகாமுக்கு வெளியே உன்னை யாருக்குத் தெரியும்? நாலு நாளில் மறந்துவிடுவார்கள்.

தீபாவளிக்கு எல்லா ஆர்டரும் உனக்கே.

ஈஸ்வரி


மண்டபம் முகாம்
22.8.2025

ஈஸ்வரிக்கு,

"உனக்கென்ன" என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நெய்யை மன்னித்துவிடுவேன். அது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே எழுதியது.

நான் பிறந்தது ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில், நீ பிறந்த அதே வருடம். ஆனாலும் பழியைப் போட்டு வைக்க என் பெயர் உனக்கு வசதியாக இருக்கிறது.

இன்று காலை சுஹாவின் வீட்டுக்குப் போனேன். நெய் என்றேன். "யாரு தடவுனது?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. பிறகு, "அன்னைக்கு வாசல்ல வச்சு அப்படிப் பேசிட்டேன். பேசியிருக்கக் கூடாது" என்றார்.

"இன்னொண்ணு செஞ்சு தாரியா? எங்கண்ணு முன்னால. எங்க அடுப்படியில."

உன் ஓவனைத் துடைத்து அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொள். தீபாவளி ஆர்டருக்கு வேறு யாரையாவது பார்.

அவர்கள் வீட்டிலும் ஓவன் இருக்கிறது. வாங்கியதிலிருந்து யாரும் போட்டதேயில்லையாம். உள்ளே சட்டிகளாக அடுக்கி வைத்திருந்தார்கள். அவரும் நானுமாக ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தோம்.

டிலக்ஷனா