அக்காவுக்கு எந்தத் தேர்வு

12.8.1986, செவ்வாய்

அக்கா பங்குத் தரகு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். எந்த உரிமத் தேர்வை எழுதப் போகிறாள் என்று நாளைக் காலை அங்கே சொல்லியாக வேண்டும். பங்கு முகவர் தேர்வா, முதலீட்டு ஆலோசகர் தேர்வா? முகவருக்குக் கமிஷன் கிடைக்கும் என்பதால் அவள் மனம் அந்தப் பக்கம்தான் இருந்தது.

வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்பதை முகவர் அப்படியே திருப்பிச் சொல்லி, வாங்கித் தர வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒத்திகை பார்த்தோம். நான்தான் வாடிக்கையாளர்.

குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, "மிஸ், அந்த ரப்பர் கம்பெனி ஷேர் ஆயிரம் வாங்குங்க," என்றேன்.

"எதுக்கு அங்கிள் ரப்பர்? விலை ஏறிக் கிடக்கு. கொஞ்சம் பொறுங்க லா," என்றாள் அக்கா.

"அக்கா, நீ திருப்பிச் சொல்லணும்."

மறுபடியும் முயன்றோம். இந்த முறை ஹோட்டல் பங்கு கேட்டேன்.

"வீட்ல ஆன்ட்டிகிட்ட கேட்டீங்களா?"

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவகிட்ட யாரும் ஒண்ணும் வாங்க முடியாது. ஆலோசகராவே போகட்டும்."

அக்கா முறைத்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டு, ஆலோசகர் தேர்வே எழுதுவதாகச் சொன்னாள். அதற்கான பாடப் புத்தகம் இன்னும் தடிமனாம், அலுத்துக்கொண்டாள். எனக்கோ அதை எப்போது கொண்டுவருவாள் என்று இருக்கிறது. அவள் தூங்கும் நேரத்தில் நான் படிக்கலாம்.