ஒரு மூட்டைகூட விழவில்லை

என் ராசாத்தி செல்லம்மாவுக்கு,

நீ போய் இரண்டாவது மழைக்காலம் வந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல நம் மருமகள் ரஞ்சனி எழுதுகிறாள். சொன்னதைத்தான் எழுதுகிறாளா என்று பார்க்க எனக்கு எழுத்துத் தெரியாது. நீதான் அங்கிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சாயங்காலம் அப்படியே கண்ணில் நிற்கிறது. மேல்மலையில் தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் லொறியில் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தாய். "தொரை காருல கூட இந்த மெத்த இல்லைங்க" என்று கீழே நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தாய். கோயில் வளைவில் லொறி ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நீ பள்ளத்தில் கிடந்தாய். மூட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள், செல்லம்மா. ஒரு மூட்டைகூட விழவில்லை.

விசாரணையில் நான் கேட்டது ஒன்றுதான். கொழுந்து லொறியில் ஆள் ஏற்றக் கூடாது. தோட்டத்துத் துரைமார் சரி என்றார்கள். லொறி ஓட்டும் சிவாவை நுவரெலியாவுக்கு வகுப்புக்கு அனுப்பினார்கள். இப்போது வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, ஹோர்ன் அடித்து இறங்குகிறான். ஆட்களுக்கு சீட் வைத்த பஸ் தருவதாகவும் சொன்னார்கள். தடை வந்தது. பஸ் வரவில்லை.

அதனால் பெண்கள் நடக்கிறார்கள், மழையிலும் அட்டைக்கடியிலும். ரஞ்சனி ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். போன வாரம் குறுக்குப் பாதையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தடவை.

நாளைக்குக் கோயிலடியில் கூட்டம். மறுபடி லொறியில் ஏற விடச் சொல்லித் துரைக்கு மனு கொடுக்கப் போகிறார்கள். முதல் கைநாட்டு என்னுடையதாக இருக்க வேண்டுமாம். செத்தவள் புருஷனே சம்மதித்துவிட்டால் யார் மறுப்பார்கள்? பக்கத்து லயத்து வீட்டுப் பாப்பாத்தி வாசலிலேயே நின்று கேட்டுவிட்டாள்: "ஒங்க வீட்டம்மா போனதுக்கு நாங்க எல்லாரும் நடந்தே சாகணுமா, தாத்தா?"

என்ன சொல்ல? கைநாட்டு வைத்தால் உன்னை இன்னொரு முறை அந்த மூட்டை மேல் ஏற்றுகிறேன். வைக்காவிட்டால் இவளை வழுக்குப் பாதையில் இறக்கிவிடுகிறேன். நீயாக இருந்தால் எந்தப் பக்கம் போவாய்?

இந்த இடத்தில் ரஞ்சனி பேனாவை நிறுத்தினாள்.

"நான் லொறியிலயே ஏறிக்கிறேன் மாமா. மூட்ட கட்டுற கயித்தக் கெட்டியாப் புடிச்சிக்கிறேன்."

"நீயும் ஒரு மூட்டையாம்மா?"

"மூட்டைன்னா கட்டியாச்சும் விடுவாங்களே, மாமா."

அதையும் எழுதச் சொன்னேன். எழுதியிருப்பாள் என்று நம்புகிறேன்.

அதைக் கேட்டபின் எனக்குக் கை வராது. நாளைக்குச் சொல்லிவிடப் போகிறேன்: பஸ் கேட்டு எழுதுங்கள், பத்து விரலையும் வைக்கிறேன், லொறிக்கு வைக்க மாட்டேன். திட்டுவார்கள், திட்டட்டும். பஸ் வரும் வரை ரஞ்சனியோடு நானும் நடப்பேன், அவளுடைய கூடையையும் சாப்பாட்டுப் பையையும் என் தோளில் போட்டுக்கொண்டு. என் முழங்கால் எத்தனை நாள் தாங்கும் என்று மட்டும் கேட்காதே.

மனுவுக்கு வைக்காத பெருவிரலை இங்கே வைக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்,
மாரிமுத்து