உருக்காலை நகரத்தில் அவர் கதைத்த பாஷை

14.10.2006, சனி. அம்மருட், நோர்வே.

ரஷ்யாவிலையிருந்து இண்டைக்குப் பின்னேரம் வீட்டை வந்து சேந்திட்டம். எனக்கு நித்திரை வரேல்லை.

நேற்று, நானும் இவரும் என்ர வேலையிடத்து ஆக்களோடை அங்கை ஒரு உருக்காலை நகரத்தைச் சுத்திப் பாத்தம். ஆலை கட்டின காலத்துப் படங்கள் மியூசியத்திலை இருந்தது. முதல் வந்த தொழிலாளர் பனிக்குள்ளை கூடாரம் அடிச்சு இருந்தவையாம். வெளியிலை வந்து நான் புகைபோக்கியளைப் படமெடுக்க, ஒரு பொலிஸ்காரன் ஓடிவந்து கமராவைப் பறிச்சான். பாஸ்போட்டையும் வாங்கி வைச்சுக்கொண்டு கத்தினான். அப்பதான் என்ர மனுசன் முன்னுக்கு வந்து ரஷ்ய பாஷையிலை கதைச்சார். தடங்கலே இல்லை. அவன் எல்லாத்தையும் திருப்பித் தந்திட்டான்.

இவருக்கு அந்தப் பாஷை தெரியுமெண்டே எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. இஞ்சை வந்து சாப்பிடேக்கைதான் கேட்டன்.

"எங்கையப்பா பழகினனீங்கள்?"

"அப்ப நோர்வேக்கு வாற வழியிலை, ரஷ்யாவிலை. விசா இல்லையெண்டு பிடிச்சு உள்ளுக்கை வைச்சிருந்தவங்கள்."

"ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தருமில்லை. அடிக்காதேங்கோ எண்டு சொல்லத்தான் முதல் படிச்சனான்."

கதவு பூட்டியிருக்கோ எண்டு பாத்திட்டு வந்து படுத்தவர், இன்னும் முழிச்சுத்தான் கிடக்கிறார். லைற்றை நிப்பாட்ட வேண்டாமாம்.