வழிமொழிய ஒருத்தி

என் எஸ்தருக்கு,

கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல், நின்றுகொண்டே இதைப் படிக்கப் பார்ப்பாய். உன் வழக்கம் எனக்குத் தெரியாதா? கொஞ்சம் உட்கார். எனக்கு இன்றைக்கு அவசரமில்லை.

மாநாட்டுக்குப் போய்வந்தேன். ஆமாம், நான்தான். நம் நர்சுகள் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு, திருச்சிக்கு. இதைச் சங்கத்து இதழுக்கும் அனுப்பப் போகிறேன். மற்ற நர்சுகளும் படிக்கட்டும். ஆனாலும் முதலில் உன்னிடம் சொல்லாமல் எப்படி?

நம் சிநேகம் எப்படிப்பட்டது என்று சொன்னால் அவர்கள் நம்புவார்களா? மரக்காணம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், நீ, நான், அமுதா என்று மூன்று நர்சுகள், மூன்று ஷிப்டு. நீ உள்ளே வருவாய், நான் கிளம்புவேன். நான் வருவேன், நீ கிளம்புவாய். இத்தனை வருஷமும் நாம் பேசியதெல்லாம் டியூட்டி மாற்றுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். "மூணாம் பெட்டு அம்மாவுக்கு பிரஷர் பாரு, ஊட்ல ஜெனிக்கு ஜுரம், டப்பாவுல ரெண்டு இட்லி இருக்குது தின்னு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாய்.

மாநாட்டுக்கும் ஒருத்திதான் போக முடியும். "நீ போயிட்டு வாடி, நான் பாத்துக்கறேன்" என்பேன். திரும்பி வந்து நீ சொல்வதில் பாதியைத்தான் நம்புவேன். "கலா, கண்ணுக்கு எட்ன மட்டும் நர்சுங்கடி. மண்டபம் கொள்ளல" என்பாய். "ரொம்ப அளக்காத" என்று நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நீ அளக்கவே இல்லை எஸ்தர். குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாய்.

படிக்கிறவர்களுக்காக அந்த மதியத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, தலைப்பிரசவம். பிள்ளை பிறந்தது, அழவில்லை. தாய்க்கோ ரத்தம் நிற்கவில்லை. நீ ஒருத்தி. உப்பு வாருகிற இடத்திலிருந்து ஓடிவந்து வாசலில் நின்ற மாமியாரை உள்ளே கூப்பிட்டு, பிள்ளையை அவள் கையில் கொடுத்தாய். "யம்மா, காஞ்ச துணியில முதுகைத் தேய்ச்சிக்கினே இரு, நிறுத்தாத, நான் சொல்றத மட்டும் செய்" என்று வாயால் அங்கே சொல்லிக்கொண்டே, இரண்டு கையாலும் தாயின் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாய். பிள்ளை அழுதது. ரத்தமும் நின்றது. நான் டியூட்டிக்கு வந்ததும், "வெளிய வர்றது ரெண்டு உசுரு. நிக்கிறது ஒருத்தி. யாரை முதல்ல பாக்கறது?" என்று கேட்டாய்.

பிரசவ அறையில் எந்த நேரமும் இரண்டு நர்சுகள் வேண்டும். இதுதான் உன் தீர்மானம். வருஷா வருஷம் மாநாட்டுக்கு அதைக் கொண்டுபோனாய், வருஷா வருஷம் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாய். தீர்மானத்தை முன்மொழிய ஓர் ஆள், வழிமொழிய அதே கிளையிலிருந்து இன்னோர் ஆள் என்பது சங்கத்து விதி. நம் கிளையில் நாம் மூன்றே பேர். ஒருத்திதான் போக முடியும். இரண்டாவது நர்சு வேண்டும் என்று கேட்பதற்கே இரண்டாவது நர்சு வேண்டியிருந்தது. நீ அதைச் சொல்லிச் சிரிப்பாய், நானும் சிரிப்பேன். அது சிரிக்கிற விஷயமா?

போன மழையில், உப்பளமெல்லாம் ஏரிபோலக் கிடந்தபோது நீ போய்விட்டாய். உன் அடக்கத்துக்கும் நானும் அமுதாவும் மாறி மாறித்தான் வந்தோம். மாதா கோயிலில் அவள் நின்றாள். கல்லறையில் நான் நின்றேன். மூன்றாவது ஷிப்டு அன்றைக்குக் காலியாக இருந்தது. அது உன்னுடையது.

கல்லறையிலிருந்து திரும்பும்போதே முடிவு செய்தேன், இந்தத் தடவை இரண்டு பேராகப் போவது என்று.

டாக்டரிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் கிளம்பிட்டா பிரசவம் யாரும்மா பாக்கறது, நானா?" என்றார். "அதைத்தான் சார் அங்க போய்க் கேக்கப் போறோம்" என்றேன். அவர் போனை எடுத்துப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பேசினார். அங்கிருந்து ஒரு நர்சு நமக்காக வர ஒப்புக்கொண்டாள். உன் இடத்துக்கு வந்திருக்கும் தேவியும் அவளும் இங்கே டியூட்டியைப் பார்த்துக்கொண்டார்கள். இதை இத்தனை வருஷம் ஏன் நாம் கேட்கவில்லை? யாரிடமும் கைநீட்டாமல் சமாளித்துக்கொள்வதுதான் வேலை என்று நமக்கு யார் சொல்லிவைத்தது?

அமுதாவை உனக்குத் தெரியுமே, மைக்கைப் பார்த்தால் ஒதுங்குகிறவள். "ஒரே ஒரு வார்த்தைதான்டி. வழிமொழிகிறேன். அவ்ளோதான்" என்றேன். "யக்கா, ஒரு வார்த்தைல ரெண்டு 'ழ' இருக்குது, பாத்தியா?" என்றாள். நம் பக்கத்து நாக்குக்கு வாழைப்பழமே வாயப்பயம்தானே. பஸ் பெருமுக்கல் தாண்டுகிற வரை சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வயிமொயிகிறேன். வளிமொளிகிறேன். முன் சீட்டுக்காரர் திரும்பி, "இன்னாம்மா, மந்திரமா?" என்று கேட்டார். "உங்க ஊட்ல யாருனா மாசமா இருந்தா, அவங்களுக்குத்தான் இந்த மந்திரம்" என்றாள். வாய் அடங்கவில்லை, பயமும் அடங்கவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் என் கால் நின்றுவிட்டது. இத்தனை நர்சுகள் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததே இல்லை எஸ்தர். நிற்கிற நர்சைத்தானே நமக்குத் தெரியும்? காபி கொண்டுவந்தவர் பின்னாலிருந்து "சிஸ்டர்" என்று யாரையோ கூப்பிட்டார். மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள், எதற்கும் தயாரான அந்த முகத்தோடு. அவர் பயந்துபோய்த் தட்டைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்த முகம் எனக்கு மட்டும், உனக்கு மட்டும் உள்ளது என்று நினைத்திருந்தேன். மலையிலிருந்து வந்தவள், மில் ஊரிலிருந்து வந்தவள், பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவள், எல்லாருக்கும் அதே முகம். மதியச் சாப்பாட்டில் ரசம் வருவதற்குள் முழுப் பந்தியும் எழுந்துவிட்டது. "யாரும் தொரத்தலம்மா" என்றார் பரிமாறியவர்.

உன் தீர்மானத்தை நான் வாசித்தேன். உன் பெயரையும் சொன்னேன். "வழிமொழிகிறவர் யார்?" என்று தலைவி கேட்டார்.

அமுதா எழுந்தாள். மைக்கைப் பிடித்தாள். வார்த்தை வரவில்லை. மண்டபம் காத்திருந்தது. எனக்கு உன் அந்த மதியம் நினைவுக்கு வந்தது, பிள்ளை அழுவதற்கு முன்னால் இருந்திருக்குமே, அந்த அமைதி. பிறகு அவள் சத்தமாக, இரண்டு 'ழ'வையும் விட்டுவிட்டு, நம் கடற்கரைத் தமிழில் சொன்னாள்.

"வயிமொயிகிறேங்க. ஒருத்தியா நின்னு பாத்தவ, அதனால சொல்றேன்."

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. ஏற்பவர்கள் கைதூக்கலாம் என்றார் தலைவி. எஸ்தர், அதை எப்படிச் சொல்வேன்? முன்வரிசையிலிருந்து கடைசிச் சுவர் வரை கைகள். கழுவிக் கழுவி வெளுத்துப்போன கைகள். ஒவ்வொன்றும் எத்தனை பிள்ளைகளை முதலில் தொட்ட கையோ. நான் ஒருத்தியாக நின்ற ஷிப்டுகளில் இவ்வளவு பேரும் எங்கோ ஒருத்தியாக நின்றிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாமலே இருந்தது. உனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தானே ஒவ்வொரு வருஷமும், வழிமொழிய ஆளில்லை என்று தெரிந்தும், போனாய்?

தீர்மானம் நிறைவேறியது. ஆள் இன்னும் வரவில்லை. நேற்றுக்கூட ஒரு பெண்பிள்ளையை நான் ஒருத்தியாகத்தான் கையில் வாங்கினேன். சங்கம் மனு கொடுத்திருக்கிறது, கேட்டுக்கொண்டே இருக்கிறோம். உன் மகள் ஜெனி நன்றாகப் படிக்கிறாள். நர்சுக்கு மட்டும் போகமாட்டாளாம், கணக்குதான் பிடிக்கிறதாம். உன்னிடமே சொல்லச் சொன்னாள்.

அடுத்த மாநாட்டுக்கு அமுதாவும் தேவியும் போகிறார்கள். தேவி இப்போதே "அவ்ளோ பேரா வருவாங்க?" என்று கேட்கிறாள். போய்ப் பார்க்கட்டும். பக்கத்து நிலையத்துக்காரி மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளோடு நான் இங்கே டியூட்டி பார்ப்பேன். நம் பிரசவ அறைக்கு இரண்டாவது ஆள் வருகிற வரை இந்தத் தீர்மானம் வருஷா வருஷம் போகும். இது உனக்கு என் வாக்கு. நம் கிளையிலிருந்து இனி யாரையும் ஒருத்தியாக அனுப்பமாட்டேன்.

உன் ஜெனிக்குச் சித்தி,
கலா