நிறுத்தும் எழுத்து

நீகாத்தா
பிப்ரவரி 4, 1961

அன்புள்ள தோமே அக்காவுக்கு,

உன் தம்பி நொஸோமு எழுதுவது. நீயும் அத்தானும் சுகம்தானே? இங்கே பனி ஜன்னலை மூடிவிட்டது. பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் சவாகோவுக்குக் குழந்தை பிறந்தது. மறுபடியும் பெண். எங்களுக்கு மூன்றாவது! மருத்துவச்சி வாயைத் திறப்பதற்குள் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அம்மா கஞ்சியைக்கூடத் தொடவில்லை. இன்று காலையில்தான் தெம்பாக எழுந்து உட்கார்ந்தாள். "ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நான் வரிசையா நாலு பொண்ணு பெத்தவ. நாலாவதுக்கு 'நில்லு, போதும்'ங்கிற எழுத்தைப் போட்டுத் தோமேன்னு பேரு வச்சேன். அடுத்ததே நீ வந்து குதிச்சே. அதே எழுத்தை இவளுக்கும் போடு" என்றாள்.

தோமெகோ என்று வைக்கப் போகிறோம். பதினைந்தாம் தேதிக்குள் ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும். உன் எழுத்தாயிற்றே, சொல்லாமல் எடுக்கக் கூடாது என்று எழுதுகிறேன். உனக்குப் பெருமைதானே?

உன் தம்பி,
நொஸோமு

*

கவாசாகி
பிப்ரவரி 6

அன்புத் தம்பி நொஸோமுவுக்கு,

குழந்தையும் சவாகோவும் நன்றாக இருக்கட்டும். சவாகோவுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுங்கள். அவளைத் திட்டாதீர்கள்.

தம்பி, அந்த எழுத்து வேண்டாமடா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நம் மூத்த அக்காவுக்கு வசந்தம் என்ற எழுத்து. அடுத்தவளுக்குப் பனி. மூன்றாமவளுக்குச் செவ்வந்தி. உனக்கு 'வேண்டிக் கிடைத்தது'. எனக்கு மட்டும் 'போதும்'. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒவ்வொருவரையும் எழுப்பி, பெயரைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லச் சொன்னார். நான் எழுதினேன், சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? எல்லோருக்கும் தெரிந்ததுதானே! அன்றிலிருந்து ஓட்டப் பந்தயத்தில் பையன்கள் "நில்லு, நில்லு" என்று கத்துவார்கள். ஒரு தடவை நின்றே விட்டேன்.

பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பம் என் பெயரை எழுத்தில் பார்த்ததுமே எழுந்து போனது உனக்குத் தெரியுமா? "இந்த எழுத்தா? அப்ப அது பொண்ணாப் பெத்துப் போடற வீடு" என்று தரகரிடம் சொன்னார்களாம். நீ அப்போது பட்டம் விட்டுக்கொண்டிருந்தாய்.

அம்மாவுக்கு அந்த ஒலிதான் வேண்டுமென்றால் தோமெகோ என்றே கூப்பிடுங்கள். எழுத்தை மட்டும் மாற்று; அதே ஒலிக்கு வேறு பொருள் தருகிற எழுத்து எத்தனையோ இருக்கிறதே. 'தோ'வுக்கு மேலே ஏறுவது என்ற எழுத்து, 'மெ'வுக்கு முளை என்ற எழுத்து. ஏறி வளரும் முளை! நேற்று முழுக்க அகராதியைப் புரட்டிக் கண்டுபிடித்தேன். ஒரு தாளில் பெரிதாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து அப்படியே எழுதினால் போதும்.

உன் அக்கா,
தோமே

*

நீகாத்தா
பிப்ரவரி 8

அக்காவுக்கு,

இன்று ஏழாம் நாள். பெயர்த்தாளைச் சுவரில் மாட்டி விருந்து வைக்கிற நாள். உன் தயவில் வெற்றுத் தாள் தொங்குகிறது. வந்தவர்கள் எல்லாம் "என்னப்பா, பேரே கிடைக்கலியா?" என்று கேலி பண்ணிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "கூப்பிடறது காத்தோட போயிடும். வேலை செய்யிறது எழுத்துதான்டா. முளைன்னு போட்டா இன்னும் நாலு பொண்ணு முளைக்கும்" என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள். மறைக்காமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. "அது ரொம்ப நல்ல எழுத்து. அவ வயித்தையும் சேர்த்துல்ல நிறுத்திடுச்சு!"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிள்ளை பெறாதவள் பிள்ளைக்குப் பெயர் சொல்கிறாய். அவ்வளவு உருகுகிறாய் என்றால் நீயே தூக்கிக்கொண்டு போயேன்! தத்துக் கொடுத்துவிடுகிறேன். இங்கே இரண்டு இருப்பதே போதும். யோசித்து எழுது.

நொஸோமு

*

கவாசாகி
பிப்ரவரி 10

என் அருமைத் தம்பிக்கு,

கொடு. கொடுத்துவிடு.

இதற்கு மேல் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. உன் கடிதத்தை இவரிடம் நீட்டினேன். படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போச்சு, கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தைக் கம்பளியோடு வந்து நிற்கிறார்! "அளவு தெரியல, பெரிசாவே வாங்கிட்டேன்" என்கிறார். பதினோரு வருஷத்தில் இந்த மனிதர் அழுது இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அம்மா சொன்னதற்கு எனக்குக் கோபமே இல்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

பதிவில் மட்டும் நான் அனுப்பிய எழுத்தை எழுதிவிடு தம்பி. பதினெட்டாம் தேதி காலை ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். குழந்தைக்கு அதுவரை சளி பிடிக்காமல் சவாகோவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லு.

உன் அக்கா

*

நீகாத்தா
பிப்ரவரி 15

அக்காவுக்கு,

நீங்கள் வர வேண்டாம். பதிவு முடிந்துவிட்டது.

நான் உன் எழுத்தைத்தான் எழுதக் கிளம்பினேன், சத்தியமாக. அம்மாதான் வாசலில் வழிமறித்தாள். "நிறுத்தறவள வீட்டை விட்டு அனுப்பினா, அப்புறம் இங்க யாருடா நிறுத்துவா? அவ இங்கதான் இருக்கணும், அந்த எழுத்தோடதான் இருக்கணும்" என்றாள். யோசித்தால் சரியாகத்தான் பட்டது. பழைய எழுத்தையே போட்டேன். அலுவலகத்தில் இருந்தவர்கூட "இந்தக் காலத்துல இப்படியா?" என்று இரண்டு தடவை கேட்டார். குடும்ப வழக்கம் என்றேன்.

சவாகோ ஒரே அழுகை. "அவங்ககிட்டயே குடுத்துடுங்க, அங்கயாவது நல்ல பேரோட வளரட்டும்" என்று புலம்பினாள். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. சரியாகிவிடுவாள்.

உன் மனசு கோணக் கூடாது என்று ஒரு காரியம் செய்திருக்கிறேன். பெயர்த்தாளில் பெயர் வைத்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். அம்மாவே சொன்னாள். நாளைக்குக் குழந்தை வளர்ந்து கேட்டால், "உன் அத்தைதான் ஆசையா தன் பேரையே குடுத்தா" என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல காரியத்துக்கு வைக்கிற சிவப்புப் பயறுச் சோறு தனியாக அனுப்பியிருக்கிறோம்.

நொஸோமு

*

கவாசாகி
பிப்ரவரி 19

நொஸோமு,

சோறு வந்தது. சாப்பிடவில்லை.

நேற்று வேறொரு குழந்தை அழுகிற சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது. இவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வேறு செய்தி இல்லை.

அவள் பெரியவளாகி, கரும்பலகை முன்னால் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, இந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்பாள். நீங்கள் சுவரைக் காட்டுவீர்கள். அம்மா செத்துப் போயிருப்பாள். நீ நல்லவனாக இருப்பாய். அவள் வெறுப்பதற்கு நான் ஒருத்திதான் மிச்சம். இதற்கு நீ என்னை அடித்திருக்கலாம்.

உன்னை வயிறெரிந்து சபிக்கத்தான் உட்கார்ந்தேன். 'அடுத்ததும் உனக்குப் பெண்ணாகவே பிறக்கட்டும்' என்று எழுதியும் விட்டேன். பிறகு அந்த வரியை மை கொட்டி அழித்தேன். பாவம், அப்படிப் பிறப்பவளுக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்களோ.

தோமே