படகைக் கரையேற்றிய பங்குனி

பங்குனி 4, திங்கள்

காலையில் மஞ்சு மூட்டம். பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது. படகைக் கரையேற்றியாயிற்று. உருளைக் கட்டைகள், வடம், ஏலத் தோட்டத்துப் பெண்கள் எல்லாருடைய தோளும்.

என் வீட்டுக்காரர் கீழே போடியில், காலில் மாவுக்கட்டு. தோட்டத்துச் சரிவில் வழுக்கிய கால். அதனால் இந்த வருஷம் படகு வேலை முழுதும் என் தலையில். இருக்கட்டும்.

படகின் அடியில் பாசி ஒரு சாண் நீளம் தொங்குகிறது. நத்தைகள் வேறு. இத்தனையும் இழுத்துக்கொண்டுதான் போன மழைக்காலத்தில் நடு ஏரியில் எஞ்சின் திணறியது. காற்று எங்களை மதகுப் பக்கம் தள்ளிக்கொண்டே போனது. ஏலக்காய் மூட்டைகளுக்கு மேல் பிள்ளைகள். நானும் அதில் இருந்தேன். இன்னொரு முறை அப்படி ஆகவிட மாட்டேன்.

ஈரத்தோடு சுரண்டினால் பாசி வரும், காய்ந்தால் கல். எனவே இன்றே. நகமெல்லாம் பச்சை.

பங்குனி 5

ஜீப்பு ஓட்டும் சுருளி போடியிலிருந்து வந்தான். அவர் சொல்லியனுப்பியது: "மேலாகச் சொரண்டி, ஒரு கோட்டுத் தாரை அடிச்சு, வெரசாத் தண்ணியில எறக்கிரச் சொன்னாரு மதினி."

தார் ஒரு வருஷம்கூடத் தாங்குவதில்லை. கொச்சியிலிருந்து செம்பு கலந்த பெயிண்டு முன்பே வரவழைத்துவிட்டேன். பாசி ஒட்டாது, பல வருஷம் நிற்கும் என்கிறார்கள். ஒரே நிபந்தனை, மரம் உள்வரை காய்ந்திருக்க வேண்டும். இந்த மஞ்சில் துணியே காய்வதில்லை.

யோசனை: பறிப்பு முடிந்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் காலி. பெரிய கதவைக் கழற்றிப் படகை உள்ளே ஏற்றிவிட்டோம். அடுப்பில் இளஞ்சூடு மட்டும். சூடு கூடினால் பலகை வெடிக்கும்.

சுருளி: "படகையும் ஏலக்கா மாதிரி வாட்டுறீகளா மதினி?"

சிரிக்கட்டும்.

பங்குனி 11

மரம் காய்கிறது. தட்டினால் சத்தம் மாறிவிட்டது. பழைய தாரும் பெயிண்டும் முழுவதும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயிற்று. தும்மல். தலைமுடியில் சிவப்புத் தூள். வெந்தயக் குழம்பு, அதிலும் தூள்.

கோபாலன் ஆசாரி வந்தார். ஆலப்புழைப் பக்கம். இந்த மலையில் படகு வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஏராவைப் பார்த்தார். படகின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் கட்டைக்கு அந்தப் பெயர். பின்பக்கம் உளியால் குத்தினேன். பழுத்த பழத்தில் இறங்குவது போல இறங்கியது.

ஆசாரி அந்த இடத்தைப் புட்டிப் பசை வைத்து மூடிப் பெயிண்டு அடித்துவிடலாம் என்றார். நான் வெட்டி மாற்றச் சொன்னேன்.

"முதலாளி வந்து பறயட்டே சேச்சி. ஏராவ வெட்டுறது சின்னக் காரியமில்ல."

"அவரு வந்து பாக்க முடியாது. நான் பாத்துட்டேன். வெட்டுங்க. கேட்டா நாந்தேன் சொன்னேன்னு சொல்லுங்க."

பீடி ஒன்றைப் பற்றவைத்து, அது தீரும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரம்பத்தை எடுத்தார்.

 

பங்குனி 15

புது அயினி மரக் கட்டை பொருந்திவிட்டது. செம்பு ஆணிகள். இடுக்குகளில் பஞ்சு, குங்கிலியம். ஆசாரி தன் வேலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார்.

சுருளி கொண்டுவர: தூரிகை (அகலமானது), மண்ணெண்ணெய், தார்ப்பாய், வெல்லம், எனக்குத் தலைவலித் தைலம்.

சாயாக் கடையில் காதில் விழுந்தது: "போடி மெட்டுக்கு இங்கிட்டு இனிமே கேரளமாம்ல." "ஏலச் செடிக்கு யாரு சொல்றது?"

பங்குனி 18

இரண்டு நாளாகப் பெயிண்டு. படகை வெளியே எடுத்தாயிற்று, ஸ்டோருக்குள் ஒரு சொட்டுக்கூட அடிக்கக் கூடாது. ஏலக்காய் எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும்.

செம்பு டப்பாவின் அடியில் தங்கிவிடுகிறது. கை ஓயக் கலக்க வேண்டும். முதல் கோட்டு நேற்று வெயிலில் அடித்துக் காய்ந்தது. இன்று இரண்டாவது. படகைத் தூக்கி முட்டுக்கட்டைகளை இடம் மாற்றி, அவை மறைத்திருந்த இடங்களுக்கும் ஏராவின் அடிக்கும் அடித்தோம். விட்டுப்போன இடத்தில்தான் பாசி முதலில் குடிவரும்.

மூன்று மணிக்கு மேல் தேவிகுளம் பக்கம் கறுத்தது.

"சேச்சி, ஸ்டோருக்குள்ள தள்ளு!" என்று ஆசாரி கத்தினார்.

எல்லாரும் கை வைத்துவிட்டார்கள். நான் குறுக்கே நின்றேன். "உள்ள வேணாம். நாத்தம் செவுத்துல ஏறிரும். அடுத்த காயெல்லாம் போச்சு. தார்ப்பாயக் கொண்டா!"

தார்ப்பாய் போதவில்லை. காய் உலர்த்தும் பாய்களையும் பிரித்தோம். செல்லத்தாய், இடுப்பில் பிள்ளையோடு பறிப்புக்கு வருகிறவள், பிள்ளையை ஸ்டோரில் விட்டுவிட்டு ஒரு மூலையைப் பிடித்தாள். மழை நின்றபோது, தூக்கிப் பிடித்த கை எங்கள் எல்லாருக்கும் கழன்றுவிட்டது போலிருந்தது. படகில் ஒரு முழம் இடம் மட்டும் புள்ளி விழுந்திருந்தது. காய்ந்ததும் தேய்த்துத் திரும்ப அடிக்கலாம்.

பங்குனி 21, வியாழன்

வெயில். படகு ஏரியில்.

அவர் ஜீப்பில் வந்துவிட்டார், கக்கத்தில் ஊன்றுகட்டையோடு. சுருளி வழியெல்லாம் ஒப்பித்திருக்கிறான்.

"என்னையக் கேக்காம ஏராவ அறுத்திருக்க."

"கேட்டா வேணாம்பீக."

 வெட்டிப்போட்ட பழைய துண்டை எடுத்து விரலால் அழுத்தினார். உதிர்ந்தது. துண்டைக் கீழே வைத்துவிட்டு, படகில் ஏற என் தோளைப் பிடித்தார்.

அக்கரைக்கு முதல் ஓட்டம், களை எடுக்கும் பெண்களோடு. சுருளி எஞ்சினில். படகு வழுக்கிக்கொண்டு போகிறது. செல்லத்தாய் வழக்கம்போலத் தகரக் குவளையோடு படகின் நடுவில். போன வருஷம் வரை கரை சேரும்வரை உள்ளே கசியும் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றுவது அவள் வேலை. இன்று குனிந்து குனிந்து பார்த்தாள். மொள்ளத் தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளையை மடியில் போட்டபடி தூங்கிவிட்டாள்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சின் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில்:

"சுருளி, வெரசாப் போகாத. அந்தப் புள்ள ஒறங்குது."